நோரா அச்சடித்த முதுகுகள்

பெங்களூர் அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில் நோராவிடம் எதையாவது அச்சடிக்கக் கொடுத்தால், கூடவே நாலைந்து கேள்விகளுக்குப் பதிலும் சொல்லியாக வேண்டும். மாதா திருவிழாவுக்கு நீலச் சட்டை கேட்டு வந்த இளைஞர் சங்கத்தாரிடம், "போன வருஷம் பேண்டு வாசிச்சவங்களை ஏன் மாத்துனீங்க?" என்று விசாரித்தார். ஒரு மருந்து கம்பெனிக்குத் தொப்பி அடித்தபோது, அந்த மாத்திரை எந்த நோய்க்கு என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மையைக் கலக்கினார். இதனால் வேலை தாமதமானது என்று யாரும் குறை சொன்னதில்லை. வாய் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கை ஓடிக்கொண்டிருக்கும்.

அச்சுக்கூடம் என்பது வீட்டு முன்னால் கார் நிறுத்தக் கட்டிய ஷெட். காரை வாங்கவே இல்லை. ஒரு நீள மேஜை, சுவரில் சாய்த்து வைத்த மரச்சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் மெல்லிய வலைத்துணி இழுத்துக் கட்டியிருக்கும். எழுத்து வரவேண்டிய இடம் மட்டும் அதில் திறந்திருக்கும். மேலே மையை ஊற்றி ரப்பர் கட்டையால் ஒரே இழு. கீழே விரித்த சட்டையில் எழுத்து விழுந்துவிடும். முடிந்த சட்டங்களைக் குழாயடியில் கழுவுவது கணவர் பெர்னார்டின் வேலை. தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு வாங்கியவர். "போலீஸ் ஸ்டேஷன்ல கூட இவ்ளோ கேக்க மாட்டாங்கப்பா, பதில் சொல்லிட்டுப் போயிடு" என்று வாடிக்கையாளர்களுக்கு அவர்தான் ஆறுதல் சொல்வார்.

2004ஆம் ஆண்டு இறுதியில் கிஷோர் என்ற பையன் வந்தான். இருபத்தாறு வயது, முதுகில் பை, கையில் ஒரு சிடி. நூறு கறுப்புச் சட்டை வேண்டும். முன்பக்கம் ஒரு பொம்மை, பின்பக்கம் முப்பத்தெட்டுப் பெயர்கள்.

"யாருப்பா இவங்கல்லாம்? கிரிக்கெட் டீமா?"

"வீடியோ கேம் செய்றவங்க ஆன்ட்டி."

"அது ஜப்பான்லேர்ந்து இல்ல வருது?"

"கொஞ்சம் கோரமங்களாவிலேர்ந்தும் வருது."

நோரா கட்டையைக் கீழே வைத்துவிட்டார். அது அபூர்வம். கிஷோர் சொல்லச் சொல்லக் கேட்டார். ஐரோப்பாவில் ஒரு கம்பெனி மொபைல் போனுக்கு விளையாட்டு வேண்டும் என்று கேட்கும். இங்கே ஏதோ ஒரு மாடியில் எட்டுப் பேர் உட்கார்ந்து அதைச் செய்து அனுப்புவார்கள். விற்கும்போது அந்தக் கம்பெனியின் பெயர் மட்டும் இருக்கும். செய்தவர்கள் பெயர் எங்கேயும் வராது. அதனால் பெங்களூரில் இந்த வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். வருடக் கடைசியில் ஒரு கூட்டம். அந்த வருடம் யார் யார் செய்த விளையாட்டு வெளிவந்ததோ, அவர்கள் பெயரெல்லாம் சட்டையின் முதுகில்.

"படம் முடிஞ்சதும் திரையில பேர் ஓடுமே, அது மாதிரி?"

"அதேதான். எங்களுக்கு ஓடாது, அதான் போட்டுக்கிறோம்."

"முதுகுல போட்டா தன் பேரைத் தானே பாக்க முடியாதே?"

கிஷோர் யோசித்தான். "அடுத்தவன் படிப்பான் ஆன்ட்டி."

அன்றுமுதல் அந்தக் குழுவின் மாதச் செய்தித்தாளும் நோராவுக்கு வர ஆரம்பித்தது. கேட்டு வாங்கிக்கொண்டார். நகல் எடுத்த நாலே பக்கம், பெயர் 'பில்ட்'; செய்துகொண்டிருக்கும் விளையாட்டின் ஒவ்வொரு பதிப்பையும் அவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். இதழ்களுக்கு எண் 0.4, 0.5 என்று போகும். ஒன்று என்று போடவே மாட்டார்கள். போட்டால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தமாம். எந்த விளையாட்டு வெளியானது, யார் எந்தக் கம்பெனியிலிருந்து எதற்குத் தாவினார், சோதித்துப் பார்க்க யாரிடம் எந்தப் பழைய போன் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். நோரா வாழ்நாளில் ஒரு விளையாட்டும் விளையாடியதில்லை. ஆனால் இன்னார் தாவிவிட்டார் என்ற பத்தியை முதல் ஆளாகப் படித்துவிட்டு, "பாத்தியா, அவனும் போயிட்டான்" என்று பெர்னார்டிடம் சொல்வார். பெர்னார்டுக்கு அவன் யாரென்றே தெரியாது.

அடுத்த நவம்பரில் சட்டைக்கு ஐம்பத்திரண்டு பெயர். ஒத்திகை அச்சைப் பார்த்துக் கையெழுத்துப் போட கிஷோருக்குப் பதிலாக ஒரு பெண் வந்தாள். பெயர் சிந்து. கிருஷ்ணகிரிக்காரி. பொம்மனஹள்ளியில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கூட்டத்தில் சட்டை, சாவி வளையம், கோப்பை எல்லாம் விற்கும் மேஜை அவள் பொறுப்பு.

பழந்துணியில் அடித்த ஒத்திகையை விரித்து வைத்து நோரா கேட்டார்: "இதுல உன் பேர் எதும்மா?"

"என் பேர் இல்ல ஆன்ட்டி."

"நீ கேம் செய்றதில்லையா?"

"உடைக்கிறேன்."

அவள் வேலை அதுதான். வெளியாவதற்கு முன்னால் விளையாட்டை எப்படியெல்லாம் கெடுக்க முடியுமோ அப்படியெல்லாம் விளையாடி, கெட்டுப்போகும் இடத்தை எழுதிக் கொடுப்பது. பனியில் சறுக்கும் ஒரு கரடியின் விளையாட்டை பதினொரு மாதம் உடைத்திருக்கிறாள். நோரா எழுந்துபோய்ப் பழைய செய்தித்தாள்களைக் கிளறி ஓர் இதழை எடுத்து வந்தார். அதில் ஒரு தலைப்பு: 'அம்மா கூப்பிட்டால் கரடி மூழ்கும்'.

"இது நீயா?"

சிந்து சிரித்துவிட்டாள். "நான்தான். நடுவுல போன் வந்தா கேம் அப்படியே நிக்கணும். பேசி முடிச்சிட்டு வந்து பாத்தா கரடி காலடியில ஐஸ் காணோம். எங்கம்மா ஒரு நாளைக்கு ஆறு தடவை கூப்பிடுவாங்க. அதான் கண்ணுல பட்டுச்சு."

"பத்திரிகையில வந்திருக்கு, சட்டையில வரலையா? யாரு விட்டது?"

"யாரும் விடல. ரூல் அப்படி." கேம் வெளியாகும் நாளில் கம்பெனியில் இருப்பவர்களின் பெயர் மட்டும்தான். ஆகஸ்டில் சோதனைக் குழுவில் மூன்று பேரில் இவளையும் சேர்த்து இரண்டு பேரை நிறுத்திவிட்டார்கள். செப்டம்பரில் கரடி வெளிவந்தது. மூன்று வாரம்தான் வித்தியாசம்.

சொல்லிவிட்டு ஒத்திகைத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். நோரா விடவில்லை. மிச்சமும் வந்தது. கன்னிங்ஹாம் ரோட்டில் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வு நடந்தது. அங்கே சோதனைக் குழுவின் தலைவி பிரபா, "என்ன கேம் வெளிவந்திருக்கு?" என்று கேட்டார். சிந்து கரடியைச் சொன்னாள். கரடியைச் செய்த கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். அப்படி ஒருவர் பட்டியலில் இல்லை என்று பதில். பிரபா கோபிக்கவில்லை. "வருஷக் கூட்டத்துச் சட்டை வரும்ல, அதுல இருந்தா வந்து பாரு" என்று மட்டும் சொன்னார். வருடக் கடைசிவரை அந்த இடம் காலியாக இருக்கும்.

"பொய் சொல்றேன்னு நெனச்சிட்டாங்க ஆன்ட்டி. அதான்..." சிந்து ஒத்திகையைப் பார்த்தாள். "ஒரே ஒரு வரி. நீங்க சேத்துட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"சேக்க மாட்டேன்."

ஒருமுறை ஒரு கோயில் விழாச் சட்டையில் தேதி தப்பென்று தானாகவே திருத்தி நூற்றைம்பது சட்டை அடித்தவர் நோரா. அவர்கள் கொடுத்த தேதிதான் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு, கையெழுத்துப் போட்ட தாளில் இருப்பதைத் தவிர ஒரு புள்ளிகூட அடிப்பதில்லை.

"நீ கையெழுத்துப் போடாதே. அவ்ளோதான் நான் சொல்றது. போடாம நான் அடிக்க முடியாது."

அன்று மதியமே கிஷோருக்குப் போன் போனது. "உன் லிஸ்ட்டுல கரடி விளையாட்டுப் பேருங்கள்ல தப்பு இருக்குப்பா. யாரு குடுத்தாங்களோ அவங்க வந்து கையெழுத்துப் போடட்டும்."

"அந்தப் பேரெல்லாம் கஸ்தூரிரங்கன் சார் குடுத்தது ஆன்ட்டி. அவர் எதுக்கு உங்க ஷெட்டுக்கு..."

"அல்சூருக்கு வந்தா எட்டிப் பாக்கச் சொல்லு. காபி தரேன்."

சனிக்கிழமை காலை கஸ்தூரிரங்கன் வந்தேவிட்டார். கரடியைச் செய்த ஸ்டூடியோவின் முதலாளி. குழுவிலேயே பெரிய கம்பெனி அவருடையது; சட்டையின் அடியில் அகலமாக அவர் கம்பெனிச் சின்னம் இருந்தது. கூடவே கிஷோர், பரீட்சை எழுத வந்தவன் மாதிரி.

"என்ன தப்பு மேடம்?"

"இந்தக் கரடி விளையாட்டுல எத்தனை பேர் சார் வேலை பாத்தாங்க?"

"பதினாலு பேர். எல்லார் பேரும் இருக்கே."

"ஐஸ் காணாமப் போனதைக் கண்டுபிடிச்ச பொண்ணு?"

அவர் காபி குடிப்பதை நிறுத்தினார். "சிந்துவா? ரொம்ப நல்ல பொண்ணு. ஆனா அவ வெளியீட்டுக்கு முன்னாடியே..."

"அவளா போனாளா, நீங்க அனுப்பினீங்களா?"

கிஷோர் கூரையைப் பார்த்தான். குழாயடியில் பெர்னார்ட் தண்ணீரை நிறுத்திவிட்டார்.

"அனுப்பினோம்" என்றார் கஸ்தூரிரங்கன். "மேடம், உங்களுக்கு இந்தத் தொழில் தெரியாது. ரெண்டு வாரம் வந்து உக்காந்துட்டுப் போறவன்லாம் 'நான்தான் செஞ்சேன்'னு திரிவான். எங்கேயாவது ஒரு கோடு போட்டாகணும். அவளைச் சேத்தா இன்னும் பத்துப் பேரைச் சேக்கணும்."

"அப்போ பதினோரு பேரா?"

அந்த எண்ணைத் தானே சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பதினான்கு பேர் செய்த விளையாட்டு இல்லை அது, இருபத்தைந்து பேர்.

"சரி, எங்க போடுவீங்க?" என்று வேறு வழியில் வந்தார். "சட்டையில இடம் ஏது? எழுத்தை இன்னும் சின்னதாக்கினா மை அடைச்சுக்கும்னு நீங்கதானே போன வருஷம் கிஷோர்கிட்ட சொன்னீங்க?"

"ஆமா, அடைச்சுக்கும்." நோரா அளவு நாடாவை எடுத்து ஒத்திகையின் அடிப்பக்கம் வைத்தார். "உங்க சின்னம் நாலு அங்குலம் இருக்கு சார். இந்த இடத்துல பத்து வரி உக்காரும்."

"அது இல்லேன்னா நான் எதுக்கு மேடம் சட்டைக்குப் பணம் குடுக்கணும்..."

"எடுக்கச் சொல்லல. எவ்ளோ இடம்னு கேட்டீங்க, சொன்னேன்."

அவர் கையெழுத்துப் போடவில்லை. காபியைக் குடித்து முடித்து, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கிஷோர் பின்னாலேயே ஓடினான். "காபியைச் சொன்னாரா, சட்டையைச் சொன்னாரா?" என்று பெர்னார்ட் கேட்டார். அடுத்த மூன்று நாளில் சிந்து நோராவுக்கு ஆறு தடவை போன் செய்தாள்.

செவ்வாய்க்கிழமை கிஷோர் புதிய பட்டியலோடு வந்தான். கஸ்தூரிரங்கன் ஒன்பது பெயர் சேர்த்திருந்தார். நான்காவதாக சிந்து. போட்டிக் கம்பெனிக்குத் தாவிய இரண்டு பேரை மட்டும் விட்டுவிட்டார். சின்னம் ஒன்றரை அங்குலம் ஆகியிருந்தது. இதைக் காட்டி கிஷோர் மற்ற ஸ்டூடியோக்களையும் கேட்டான். இரண்டு இடத்தில் பத்துப் பெயர் கொடுத்தார்கள். ஒரு இடத்தில் போனையே எடுக்கவில்லை. மொத்தம் எழுபத்தொன்று.

முதல் நாள் அடித்ததில் ஆங்கில 'ஏ'யும் 'ஓ'வும் மை அடைத்துப் பொட்டுப் பொட்டாக நின்றன. நோரா இன்னும் நெருக்கமான வலைத்துணி வாங்கி வந்து புதுச் சட்டம் கட்டினார். மையை நீர்க்க வைத்தார், பரவியது. கெட்டியாக்கினார், நடுவில் நின்றுவிட்டது. நான்காவது முயற்சியில் எழுபத்தொன்றும் தனித்தனியாக விழுந்தன. பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, பட்டியலில் கிஷோரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே மிச்சத்தை அடித்தார்.

டிசம்பர் மத்தியில் ஒரு கல்லூரி அரங்கில் கூட்டம். நோரா போவதாக இல்லை. சட்டை மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்புவதாகத்தான் பெர்னார்டிடம் சொல்லியிருந்தார். ஆனால் உள்ளே இருநூறு பேர், மேஜை மேஜையாகக் கைபேசிகள், ஒரு மூலையில் யாரோ சொந்தமாகச் செய்த ஆட்டோ பந்தய விளையாட்டு. "இதை எப்படித் திருப்பறது?" என்று கேட்டு நின்றவர் அங்கேயே தங்கிவிட்டார். அரை மணி நேரத்தில் சிந்துவின் பக்கத்தில் உட்கார்ந்து சட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வாங்கியவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பிறகு ஒருவரை ஒருவர் தோளைப் பிடித்துத் திருப்பி, "இருடா, அசையாதே, படிக்கணும்" என்று விரல் வைத்துப் பெயர் தேடினார்கள். அரங்கு முழுக்க மனிதர்கள் திரும்பிக்கொண்டே இருந்தார்கள்.

ஓர் இளைஞன் சட்டையை மேஜைமேல் விரித்து மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தான். பிறகு மடித்து வைத்துவிட்டான்.

"இல்லையா?" என்றார் நோரா.

"இல்ல. நான் இந்தக் கரடிக்கு நடக்கச் சொல்லிக் குடுத்தவன். இப்ப வேற கம்பெனி." சிரித்தான், ஆனால் சட்டையை வாங்கவில்லை.

"பேர் என்னப்பா?"

"ரகு."

நோரா பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டு கிஷோரைத் தேடினார். கிஷோர் மேடையில் மைக்கோடு போராடிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் சிந்து நோராவின் கையைப் பிடித்தாள். வரிசையில் மூன்றாவதாக பிரபா. பிரபா மேஜைக்கு வந்து, "மீடியம் ஒண்ணு" என்றார். சிந்து எடுத்தாள். கொடுக்காமல் திருப்பிப் பிடித்து, இடது பக்கப் பத்தியில் கீழிருந்து ஆறாவது வரியில் விரலை வைத்தாள்.

பிரபா குனிந்து படித்தார். அவசரப்படாமல், அதற்கு மேல் வரியையும் கீழ் வரியையும்கூடப் படித்தார்.

"சரி, இருக்கு" என்றார். "திங்கட்கிழமை பத்து மணிக்கு வா. ஆனா ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லு. அந்த கேம்ல நீ கண்டுபிடிச்சதுலேயே, யாருமே நம்பாத தப்பு எது?"

சிந்து சட்டையை நீட்டினாள். "கடைசி லெவல்ல கரடியைப் பின்னாடி திருப்பி நாப்பது நிமிஷம் நடக்க விட்டேன் மேடம். யாரும் அப்படி விளையாட மாட்டாங்கன்னு சொன்னாங்க..."

"நாப்பது நிமிஷமா? ஏன்?"

"அங்க என்ன இருக்குன்னு பாக்கத்தான்."

"இருந்துச்சா?"

வரிசையில் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்து, "எக்ஸ்எல் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு சார்" என்றார் நோரா, திரும்பாமலே. "ஒரு நிமிஷம் நில்லுங்க. இதைக் கேட்டுட்டுத் தரேன்."