பூட்டனுக்குக் கோட்டுப் போட்டவன்

என் தம்பி மகன் சிரம்பான் டவுனில் வக்கீல். எங்கள் குடும்ப வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறான். அங்கேயே லோபாக்கில் மண்டபம் எடுத்து, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு வெளியிடப் போகிறானாம். குடும்பத்தில் மூத்தவள் நான்தான், முதல் புத்தகத்தை நான்தான் வாங்க வேண்டுமாம். அச்சுக்குப் போகும் முன் காட்டுகிறேன் என்று நான் இருக்கும் ரப்பர் தோட்டத்துக்கே வந்தான்.

தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். விரல் வைத்துத்தான் படிப்பேன். ஆனால் ஒரு எழுத்தையும் தாண்ட மாட்டேன்.

முதல் பக்கத்தில் ஒரு படம். கோட்டுப் போட்டு, கழுத்தில் குழாய் தொங்க, முறுக்கிய மீசையோடு ஒரு ஆள். யார் இது என்றேன். பூட்டன் என்றான். படமே எடுக்காத மனிதருக்குப் படம் எங்கிருந்து வந்தது என்றேன். கம்ப்யூட்டரிடம் சொன்னால் அதுவே போட்டுக் கொடுக்குமாம். கீழே, ஆங்கில மருத்துவம் கற்றுக் கப்பலேறி வந்த டாக்டர் என்று இருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பூட்டன், அதாவது என் தாத்தாவின் அப்பா, நாவிதர். ரப்பருக்கு முன்னால் இங்கே காப்பித் தோட்டம் இருந்த காலத்தில், ஊரிலிருந்து ஆள் சேர்த்து வந்த கங்காணியோடு வந்தவர். முடி வெட்டுவதும் சவரம் செய்வதும் அவர் தொழில். வைத்தியமும் அதே தொழில்தான். எங்கள் ஆட்களில் சவரக்கத்தி பிடித்த கைதான் கட்டியையும் அறுக்கும். என் அப்பா சொல்வார்: கத்தியை நெருப்பில் காட்டிவிட்டு, எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று பேச்சுக் கொடுப்பாராம். ஆள் பதில் சொல்லி முடிப்பதற்குள் சீழ் வெளியே வந்திருக்கும்.

தோட்டத்தில் ஆஸ்பத்திரி என்று ஒரு கொட்டகை வந்தது பிறகுதான். அதுவரை காய்ச்சலும் ஆறாத புண்ணுமாக எல்லோரும் வந்தது அவரிடம்தான். அவர் கத்திக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்கள், எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அந்தக் கோபம் என் அப்பாவுக்குச் சாகும்வரை தீரவில்லை. எனக்கும் தீரவில்லை. அன்றைக்கு அவர்கள் ஒதுக்கினார்கள். இன்றைக்கு இவன் ஒதுக்குகிறான், அதுவும் வழவழப்பான காகிதத்தில்.

அலமாரியிலிருந்து அவருடைய அடைப்பத்தை எடுத்து இவன் முன்னால் வைத்தேன். கத்தியும் கத்தரியும் சாணைக்கல்லும் இருக்கும் தோல் பை. அப்பா என்னிடம் கொடுத்துவிட்டுப் போனது. இதைப் படம் எடுத்துப் போடு என்றேன்.

அவன் அதைத் தொடவில்லை.

"அத்தை, எம் மக பாப்பாவுக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டு இருக்கோம்லா. மாப்பிள்ளை வீட்டாளுங்களும் மண்டபத்துக்கு வர்றாங்க. டாக்டர் பரம்பரைன்னு சொல்லி வச்சிருக்கேன். இப்ப போயி கத்தி, கத்தரின்னா..."

"டாக்டர் பரம்பரைதாண்டா. நான் எங்க இல்லேன்னேன்? அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு இந்த வெயில்ல லயத்து வீடு வீடா நடந்திருந்தா, நம்ம பூட்டனுக்கே ஒரு வைத்தியரைத் தேடியிருக்கணும்."

அடுத்த பக்கத்தில் பூட்டிக்கு ஒரே சொல்: இல்லத்தரசி. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளையெல்லாம் கையில் வாங்கிய மருத்துவச்சி அவள். தன் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு, மழையில் ஆற்றைக் கடந்து போய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிரசவம் பார்த்தவள். அந்த வயிற்றுப் பிள்ளைதான் என் தாத்தா. அவள் வீட்டில் உட்கார்ந்து அரசாண்டது எப்போது?

யோசிக்கிறேன் என்று போனான். நான்கு நாள் கழித்துப் போன் வந்தது. கோட்டுப் படத்தை எடுத்துவிட்டானாம். நாட்டு வைத்தியர் என்று மாற்றிவிட்டானாம். கத்தி என்ன ஆயிற்று என்றேன். அது வேண்டாமே என்றான். பூட்டி? அது அப்படியே இருக்கட்டும், யார் பார்க்கப் போகிறார்கள் என்றான்.

"நான் பாக்குறேன்," என்றேன். "முதப் புத்தகத்த வேற ஆளைக் கூப்பிட்டு வாங்கச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை விழா. கார் அனுப்பட்டுமா என்று அவன் மனைவி இரண்டு முறை கேட்டுவிட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். அடைப்பத்தை வெயிலில் வைத்தெடுத்து, கத்திக்குத் தேங்காயெண்ணெய் தடவி, வீட்டு நடுவில் மேசைமேல் வைத்திருக்கிறேன். பாப்பா வரட்டும், காட்டுகிறேன். அந்த மாப்பிள்ளையையும் கூட்டி வரட்டும். வந்தால் முதலில் தண்ணீர் கொடுப்பேன். குடிக்கிறானா என்று பார்ப்பேன்.