ஐந்து நிமிஷத் தாமதமும் 570 வருஷமும்

போன வாரம் ஆபீஸ் பஸ்ஸில் டிரைவர் சுடலைமுத்துவிடம் பீற்றிக்கொண்டேன்.

"எங்க லேப் மெஷின் ஒரு செகண்டைப் பத்து லட்சம் துண்டாக்கி எண்ணும். ஒவ்வொரு துண்டையும் ஒரு நிமிஷம்னு வெச்சுக்கோங்க, ஒரு செகண்டே கிட்டத்தட்ட ரெண்டு வருஷம்!"

அவர் தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர். ஹாரனை அடித்தார்.

இன்று விடியற்காலை எனக்குப் பெண் குழந்தை பிறந்தது! ஆஸ்பத்திரியிலிருந்து ஜிலேபிப் பொட்டலத்தோடு கிங்ஸ் சர்க்கிள் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். யாருக்காகவும் அரை நிமிஷம்கூட நிற்காத பஸ், எனக்காக நின்றுகொண்டிருந்தது.

"மன்னிக்கணும், அஞ்சு நிமிஷம் ஆயிடுத்து."

"அஞ்சு நிமிசமா? உங்க கணக்குப்படி ஐநூத்தி எழுவது வருசமால்லா நிக்கேன்!" என்றார் சுடலைமுத்து.

பின்சீட்டு நண்பர், பேப்பர் ஓரத்தில் போட்டிருந்த கணக்கைத் தூக்கிக் காட்டினார். பஸ்ஸே சிரித்தது.

பொட்டலத்தைப் பிரித்து விஷயத்தைச் சொன்னேன். சுடலைமுத்து வாய் நிறைய ஜிலேபியோடு கேட்டார்:

"அஞ்சு நிமிசத்துக்கே இம்புட்டுன்னா, வீட்டம்மா சுமந்த பத்து மாசம் எத்தன வருசம் சார்?"

அந்தக் கணக்கை நான் போடவில்லை. போடுகிறவர்கள் விடையை எனக்கு மட்டும் சொல்லுங்கள். என் மனைவி காதுக்குப் போகவேண்டாம்.