கரண்ட்காரரின் முன்பற்கள்

கரண்ட்காரருக்கு மேல்வரிசை முன்பல் இரண்டும் ஒரே வாரத்தில் போயின. ஒன்று, ஏணி மேல் நின்று ஒயரைக் கடித்தபோது வேரோடு பிளந்தது. மற்றது நாலு நாள் ஆடிக்கொண்டிருந்துவிட்டு ரொட்டித் துண்டோடு வெளியே வந்தது. அவர் மனைவிக்கு இதில் துளி ஆச்சரியமும் இல்லை.

"முப்பது வருஷமா தலையால அடிச்சுக்கறேன். ஒயரைப் பல்லால உரிக்காதீங்க, அதுக்குன்னு கடையில கட்டர் விக்கிறான்னு. காதுல வாங்கினாத்தானே!"

அவர் காதில் வாங்காததற்குக் காரணம் இருந்தது. ஏணி உச்சியில் ஒரு கை சுவர்ப் பெட்டியைப் பிடித்திருக்கும், மறு கையில் குறடு. மூன்றாவது கை என்று ஆண்டவன் தராததால் பல்லை வைத்துக்கொண்டார். பல் செம்பைத் தொட்டதும் வேரில் ஒரு சின்னக் கூச்சம் வரும். அங்கே நிறுத்தி இழுத்தால் மேல்தோல் மட்டும் கழன்று வரும், உள்ளே ஓர் இழைகூட அறாது. கண்ணால் பார்க்கவே வேண்டாம். அவர் போட்ட ஜாயின்ட் சூடாகாது என்று அந்த வட்டாரம் முழுக்கப் பேர். அந்தப் பேரைத் தவிர அவர் பெரிதாக எதையும் சேர்த்து வைக்கவில்லை. அந்தப் பேர் கெடுவதைத் தவிர வேறு எதற்கும் அவர் பயந்ததும் இல்லை.

பல் விஷயத்தில் முதல் ஆலோசனை மனைவியின் அண்ணனிடமிருந்து வந்தது. அவரிடம் கழற்றி மாட்டுகிற செட் ஒன்று உண்டு. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அதை நாக்கால் தள்ளி வெளியே எடுத்தே காட்டிவிட்டார்.

"எவ்வளவு சுலபம் பாருங்க மாப்பிள்ளை. கழுவினோமா, மாட்டினோமான்னு இருக்கலாம்."

"மச்சான், முதல்ல அதை உள்ள போடுங்க. நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கலை."

ஏணி மேலிருந்து அது அடுத்தவர் வீட்டுக் குழம்பில் விழுவதை நினைத்துப் பார்த்ததோடு அந்த யோசனையைத் தலைமுழுகினார்.

பல் டாக்டர் இளவயதுப் பெண், பொறுமைசாலி. "பாலம் கட்டலாம் ஐயா. ரெண்டு பக்கத்துப் பல்லையும் சீவிட்டு, அதுமேல தொப்பி மாட்டி, நடுவுல புதுப் பல்லை நிறுத்துவோம்" என்றார்.

"நல்லா இருக்கற பல்லைச் சீவறதா? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"அப்போ இம்ப்ளான்ட். எலும்புல ஒரு குட்டி டைட்டானியம் ஸ்க்ரூ வைப்போம். எலும்பு அதைச் சுத்தி வளர்ந்து பிடிச்சுக்கும். நாலஞ்சு மாசம் ஆகும். அப்புறம் அதுமேல பல்."

கரண்ட்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. துளை, ஸ்க்ரூ, இறுகும்வரை பொறுமை. இதெல்லாம் அவருக்குத் தெரிந்த பாஷை. "சுவரு தாங்குமா டாக்டரம்மா?" என்று கேட்டார்.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "எலும்பு நல்லா இருக்கு. சர்க்கரை உண்டா? சிகரெட்?"

"ரெண்டும் கிடையாது" என்றார் இவர்.

"ஒயர்தான் உண்டு" என்றார் மனைவி.

டாக்டர் சிரிக்கவில்லை. "அது கூடவே கூடாது. சொந்தப் பல்லோட வேரைச் சுத்தி ஒரு சவ்வு இருக்கு. எவ்வளவு அழுத்தறோம்னு அதுதான் உங்களுக்குச் சொல்லும். இம்ப்ளான்ட்ல அது கிடையாது. உங்களுக்கே தெரியாம அதிகமா கடிச்சிடுவீங்க."

அவர் பலமாகத் தலையாட்டினார். பல் உடைந்துவிடுமே என்றுதான் டாக்டர் கவலைப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டார். மனுஷன் பிசகியது அங்கேதான்.

மாதங்கள் ஓடின. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கட்டரைத் திட்டிக்கொண்டே வேலை பார்த்தார். கடைசியில் பல் வந்தது. மச்சானை வரவழைத்து, எதிரே உட்காரவைத்து, ஒரு முழு ஆப்பிளைக் கடித்துத் தின்று காட்டினார். ஒரு வாரம் ஒழுங்காகக் கட்டரும் கையுமாக இருந்தார். எட்டாம் நாள் ஏணி உச்சியில் நிற்கும்போது கட்டர் கீழே பையில் கிடந்தது. இறங்கி ஏற முட்டி சம்மதிக்கவில்லை. கடித்தார். பல்லுக்கு ஒரு கீறலும் இல்லை. டாக்டரம்மா சும்மா பயம் காட்டியிருக்கிறார் என்று உச்சி குளிர்ந்துபோனது. மூன்று வாரத்தில் ஒன்பது வீடு முடித்தார்.

உரித்த தோலை அடுத்தவர் வீட்டுத் தரையில் துப்புவது அவருக்குப் பிடிக்காது. சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மாசக் கடைசியில் வேலைச் சட்டைகளை மொத்தமாகத் துவைக்கும்போது அதை உதறுவது மனைவியின் வேலை.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க."

மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தது. பொய் ஒன்றைத் தயார் செய்துகொண்டே போனார்.

"மறுபடி கடிக்கிறீங்க, அது கிடக்கட்டும். இத்தனை வருஷமா இந்தப் பையை நான்தானே உதறுறேன்? வெறும் தோல்தான் விழும். இதென்ன, உள்ள கம்பி மின்னுது?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு தோலுக்குள்ளும் இரண்டு மூன்று செம்பு இழைகள். ஏழு இழை சுமக்க வேண்டிய கரண்டை அந்த ஒன்பது வீடுகளிலும் நாலைந்து இழை சுமந்துகொண்டிருந்தது. பல் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் பார்க்கவில்லை.

"பத்திக்குமா?" என்றார் மனைவி.

"லைட்டுன்னா தாங்கும். ஹீட்டர் லைன்னா சொல்ல முடியாது."

"அப்புறம் ஏன் நின்னுக்கிட்டிருக்கீங்க?" மனைவி கட்டரை எடுத்து அவர் கையில் வைத்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு முதலில் போனார். யாரும் குறை சொல்லவில்லை, சும்மா ஒரு செக்கிங் என்று சொல்லிக்கொள்ளலாம். வழியெல்லாம் அதையே ஒத்திகை பார்த்தார். மெயினை அணைத்துவிட்டு ஹீட்டர் பெட்டியைத் திறந்தார். ஒயரின் தோல் பழுப்பேறி இளகியிருந்தது. கருகல் வாடை அடித்தது.

"என்னண்ணே, நல்லாத்தானே ஓடுது?" என்றபடி வீட்டுக்காரப் பெண் குழந்தையோடு வந்து நின்றாள்.

செக்கிங் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. "நான் தப்பா போட்டுட்டேம்மா" என்றார். "பார்க்காம விட்டுட்டேன். இதோ, கருகியிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் போனா பத்தியிருக்கும்."

அவள் பெட்டியைப் பார்த்தாள். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் பழைய ஒயரை உருவி எறிந்துவிட்டு, கட்டரால் உரித்து, ஒவ்வொரு நுனியையும் கண்ணாடி வழியாக எண்ணிப் பார்த்து முறுக்கினார். சுவரையும் துடைத்தார்.

கிளம்பும்போது அவள் வாசலுக்கு வந்தாள். "நீங்களா வந்து சொன்னது பெரிய விஷயம்ண்ணே. ஆனா இனிமே எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரு, அவரை வச்சுப் பார்த்துக்கறோம். தப்பா நினைக்காதீங்க."

"நினைக்கலைம்மா. சரியாத்தான் சொல்றீங்க."

ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். அடுத்தது அதே தெருவில் நாலு வீடு தள்ளி. போய் மணியை அடித்தார். உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"நம்ம கரண்ட்காரர்தான்" என்று குரல் வந்தது. "கதவைத் திற."