கிடங்குக்கு நட்ட கல்

சர்வேயர் செண்பகராஜுக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்தான். அதற்குள் கோவில்பட்டி வட்டாரக் குப்பையையெல்லாம் கொண்டுவந்து தரம் பிரிக்கிற கிடங்குக்கு இடம் அளந்து கொடுத்தாக வேண்டும்.

கயத்தாறு பக்கம் புறம்போக்கில் முதல் கல்லை நட்டார். மறுவாரம் போனால் ஊரார் கல்லுக்கு மஞ்சள் பூசி, சிவப்புத் துண்டு கட்டியிருக்க, எதிரே பொங்கல் பானை கொதிக்கிறது. சாமியைப் பிடுங்க எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடவில்லை. கடம்பூர்ப் பக்கம் நட்ட கல்லுக்கு மூன்றே நாளில் உண்டியல் வந்துவிட்டது.

"குப்பைய எல்லாப் பயலும் போடுதான். அது போய்ச் சேர ஒரு ஊரு கிடையாது!" என்று ஆபீஸில் கத்தினார்.

மூன்றாவது இடம் பசுவந்தனைக்கு மேற்கே. ஈரக் கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொள்ள, சர்வே நம்பர் வெட்டிய கல்லைத் தானே சுமந்து போனார். அங்கே ஆடு மேய்க்கிற வள்ளித்தாய், அவர் குழி தோண்டி முடிக்கும்வரை காத்து நின்றாள். கையில் மஞ்சள் பொட்டலம்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. நம்பர் வெட்டுன பக்கத்தக் கிழக்கப் பாத்து நட்டுருங்க. பெறவு நாங்க திருப்புனா சாமி குத்தமாயிரும்."

செண்பகராஜுக்கு முதுகு வலித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லைக் கிழக்கே திருப்பினார்.