ஊர் எழுந்து போன பிறகு

முதல் நாள் என் கையிலிருந்து ஏழு சாவிகள் கல்லுப்படியில் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பிரெஞ்சு பேசும் இந்தச் சின்ன ஊராட்சியில், கொம்யூன் என்பார்கள், அலுவலகத்தையும் மண்டபத்தையும் துடைக்க எனக்குத் தந்த சாவிகள் அவை. என்னைப்போல வாளி தூக்கியவர்களுக்குத் தெரியும்: துடைக்கிறவள் ஓர் ஊரை அதன் சப்பாத்துகளில்தான் படிக்கிறாள்.

பச்சைத் தடம்

எங்கள் ஊர்த்தலைவர் மாடு வளர்ப்பவர். பால் கறந்துவிட்டு நேரே கூட்டத்துக்கு வருவார். ஈரத் தரை முழுக்கச் சாணித் தடம். ஒருநாள் பொறுக்க முடியாமல், சப்பாத்தை வாசலில் கழற்றச் சொன்னேன். குனிந்து கழற்றினார். அந்த வருடம்தான் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். முதலில் சம்மதிக்க வேண்டியது கொம்யூன். இதே நாட்டில் ஊஸ்டர் பக்கம் இருக்கும் தங்கச்சி தொலைபேசியில் பதறினாள்: "அக்கா, உங்கடை கடதாசி அந்த மனுசன்ரை மேசையிலை கிடக்கேக்கை, அவரையோ சப்பாத்துக் கழட்டச் சொன்னியள்?"

காணாத முகம்

தலைவர் பழிவாங்கவில்லை. தடை வேறு பக்கத்தால் வந்தது. குடியுரிமை விசாரணைக் குழுவில் இருந்த அம்மா, மடாம் என்பார்கள், என் கோப்பைப் புரட்டினார். மலைகளின் பெயர், ஆற்றின் பெயர் எல்லாம் சரியாகச் சொன்னேன். ஆனால் ஊர் விழாக்கள்? ஒவ்வொரு விழாவுக்கும் வந்திருக்கிறேன்தான், எல்லோரும் எழுந்து போன பிறகு. கதிரைகளின் சூடு மட்டுமே எனக்கு மிஞ்சும். அதைச் சொல்லப் பிரெஞ்சு வரவில்லை. மடாம் கோப்பை மூடினார்: "அடுத்த வருடம் வாருங்கள். உங்களை ஒரு விழாவிலும் கண்டதில்லையே."

வெறும் காலுறை

அடுத்த வருடம் விசாரணை மண்டபத்திலேயே நடந்தது. காலையில் நான் துடைத்த தரை. பழக்கதோஷத்தில் சப்பாத்தை வாசலில் விட்டுவிட்டுக் காலுறையோடு போய் இருந்துவிட்டேன். பாதிக் கேள்வியில்தான் கவனித்தேன்; கால் கூசியது. எதிரே பார்த்தால் தலைவரும் காலுறையோடுதான், பெருவிரல் வெளியே தெரிய.

"இந்த ஊரைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் மடாம். இந்த முறை சொற்கள் வந்தன. முதியோர் விருந்துக்குப் பிறகு எந்தக் கதிரையடியில் மூக்குக்கண்ணாடி கிடக்கும், வரவுசெலவுக் கூட்டத்தன்று எத்தனை கதிரைகள் குளிர்ந்தபடியே இருக்கும், எந்த யன்னலோரம் மழை ஒழுகும் என்று சொல்லிக்கொண்டே போனேன். தலைவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்: "போதும், நாங்கள் சம்மதிக்கிறோம், அந்த ஒழுக்கை மட்டும் ஊருக்குச் சொல்லிவிடாதீர்கள்."

அன்று வீடு வரும் வழியெல்லாம் மூச்சு நீளமாக வந்தது.

தலைவர் பிறகு மாடுகளை விற்றுவிட்டு லுசேர்ண் நகரில் மகளோடு இருக்கிறார். நான் இப்போது குடிமகளாக ஊர்க்கூட்டத்தில் கை உயர்த்தி வாக்களித்துவிட்டு, எல்லோரும் போன பிறகு கதிரைகளை அடுக்குகிறேன்.