கடல் காட்டக் கூட்டிப் போனோம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து யாராவது வெளிநாட்டு வேலைக்குப் போனால், வேன் பிடித்துக் குடும்பத்தோடு ஏர்போர்ட் வரை போய் விட்டுவிட்டு வருவது வழக்கம். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பாட்டுப் போட்டுக்கொண்டுதான் போவோம். திரும்பி வரும்போது பாட்டு இருக்காது. சின்னப் பிள்ளைகளை மட்டும் அந்த வேனில் ஏற்றமாட்டோம். போகிறவளின் காதில் பிள்ளையின் அழுகை விழுந்துவிட்டால் போன இடத்தில் அவளுக்குக் கால் தரிக்காது என்று எங்களுக்கு ஒரு பயம். அதனால் தாய்மார், "கடைக்குப் போயிட்டு வர்றேன்டா" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு அப்படியே போய்விடுவார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி அப்படித்தான் போனாள். அவள் பையன் கடை வாசலில் நின்றான். மழையானாலும் பனியானாலும் நின்றான். கடைக்காரர் பாவப்பட்டு ஒரு டொபியைக் கையில் கொடுத்து, சாயங்காலம் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டுப் போவார். மறுநாள் மறுபடியும் போய் நிற்பான். என் மகள் கொழுந்து நிறுக்கப் போகிற வழி அதுதான். தினமும் அவனைப் பார்த்துக்கொண்டுதான் போனாள்.

அவள் முறை வந்தது. மருமகன் கொழும்புக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். அவனைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. என் இடுப்பு போனதிலிருந்து எனக்கு மலையேற முடியாது. மகள் ஒருத்தியின் கையால் மூன்று வயிறு. குவைத்தில் ஒரு வீட்டு வேலை, இரண்டு வருடம் என்று முடிவாயிற்று. பேத்திக்கு அப்போது நாலு வயது. அவளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் எங்களுக்கு இருந்த ஒரே கவலை.

"என் புள்ளைய கடை வாசல்ல நிக்க விடமாட்டேன்மா," என்றாள் மகள். "அவளையும் கூட்டிட்டுப் போவோம். ஒரு நாள் முன்னாடியே போய்க் கடலைக் காட்டுவோம். ஆசை தீரக் குளிக்கட்டும். குளிச்ச களைப்புல தூங்குவாள்ல, அப்ப நான் எறங்கிர்றேன். எந்திரிச்சா கடல்தான் ஞாபகம் இருக்கும்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இன்னொன்றும் சொல்லவேண்டும். நானும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. மஸ்கெலியா டேமைத்தான் பார்த்திருக்கிறேன். கடல் என்றால் அக்கரை இல்லாத டேம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் போகிற துக்கத்திலும், ராத்திரி துணி மடிக்கும்போது கடலை நினைத்தால் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. எனக்குத் தண்ணீர் என்றால் சின்ன வயதிலிருந்தே அப்படி. கொழுந்து முடிந்து மற்றவர்கள் எல்லாம் அடுப்பு மூட்ட ஓடும்போது, நான் நெஞ்சுக்கு மேல் சேலையைச் சுற்றிய குறுக்குக்கட்டோடு ஆற்றில் கிடப்பேன். என் மாமியார் மேட்டில் நின்று ஏசுவார். அந்த ஏச்சு தண்ணீருக்குள் கேட்காது.

வேனில் நாங்கள் ஐந்து பேர். மகள், பேத்தி, நான், என் வீட்டுக்காரரின் தங்கை, வேன் ஓட்டுகிற தம்பி. நாத்தனார் எதற்கெடுத்தாலும் என்னைச் சீண்டுகிறவள். ஆனால் நல்லது கெட்டதுக்கு அவளைத்தான் கூப்பிடவேண்டும். அன்று ராத்திரி சிலாபத்தில் கோயில் மடத்தில் படுத்தோம். விடிந்ததும் முதல் குளிப்பு.

கடலைப் பார்த்ததும் நான் நடந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். "அண்ணிக்கே வாயடைச்சுப் போச்சுடி! கடல்னா கடல்தான்!" என்று நாத்தனார் கத்தினாள். படகுகள் கரையேறி நின்றன, கருவாட்டு நாற்றம் ஊரைத் தூக்கியது. நான் குறுக்குக்கட்டுக் கட்டிக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன வாளி, கோப்பை, சவுக்காரம் எல்லாவற்றோடும் போய் மணலில் உட்கார்ந்தேன். எங்கள் பீலியில் அப்படித்தான் குளிப்போம். மலையிலிருந்து வருகிற தண்ணீர் குழாய் வழியாகச் சிமெந்துத் தொட்டியில் விழும். அதிலிருந்து மொண்டு ஊற்றிக்கொள்வோம். கடலையும் மொண்டு ஊற்றிக்கொண்டு சவுக்காரத்தைத் தேய்த்தேன். நுரையே வரவில்லை. கட்டி கரைகிறது, நுரை இல்லை.

"பெரியம்மா, உப்புத் தண்ணில சவுக்காரம் நுரைக்காது," என்று வேன்காரத் தம்பி சிரித்தான்.

"அப்ப இங்க உள்ளவங்க எப்பத்தான் அழுக்குப் போகக் குளிக்கிறது?"

"அண்ணி தேய்க்கிற தேய்ப்புல கடல்தான் அழுக்காகப் போகுது," என்றாள் நாத்தனார்.

"இத்தனை மீன் குளிச்சு அழுக்காகாத கடல், நான் ஒருத்தி குளிச்சா அழுக்காயிருமா?"

ஒரு அலை வந்து வாளியைக் கொண்டுபோனது. அதன் பின்னால் நான் ஓடினேன், என் பின்னால் பேத்தி ஓடினாள். இடுப்பு வலி எங்கே போனதென்று தெரியவில்லை. வாளியோடு கரைக்கு வந்து, மலைப் பழக்கத்தில் கால்விரல் இடுக்கெல்லாம் அட்டை கடித்திருக்கிறதா என்று தேடினேன். அதற்கும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். ஆனால் அவள் கடலைப் பார்க்கவே இல்லை. பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து கடலோரமாகவே கீழே வந்தோம். தென்னந்தோப்பு, மாதா கோயில், மீன்காரர் வாடி, மறுபடியும் தென்னந்தோப்பு. ஒரு ஆறு கடலில் போய் விழுகிற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைகிறது. நடுவில் மட்டும் தண்ணீர் மட்டமாக, அமைதியாகக் கிடக்கிறது. எங்கள் ஆற்றில் வெள்ளையாகப் பொங்குகிற இடத்துக்குப் போகமாட்டோம். மட்டமான தண்ணீரைத்தான் நம்புவோம். "அந்தா, நடுவுல நல்ல எடம்," என்று இறங்கிவிட்டேன். மகளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேன்காரத் தம்பி ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தான்.

"பெரியம்மா, கடல்ல அதுதான் மோசமான எடம். கரைக்கு வந்த தண்ணி எல்லாம் அது வழியாத்தான் திரும்பிப் போகும். ஆளையும் சேர்த்துக் கொண்டுபோயிரும். போர்டு போட்டிருக்கே, பார்க்கலையா?"

"நான் படிக்காத போர்டு என்னை என்ன செய்யும்?" என்று சிரித்துக்கொண்டே ஏறினேன். எனக்கு எந்த எழுத்தும் தெரியாது. அன்றைக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தோன்றவில்லை. தம்பி சொன்னதில், சத்தமில்லாமல் கொண்டுபோகிற தண்ணீர் என்பது மட்டும் மனதில் நின்றது.

மூன்றாவது இடம் தம்பிக்குத் தெரிந்த இடம். கடல் ஊரைத் தின்னாமல் இருக்கப் பெரிய பெரிய கற்களை வரிசையாகக் கொட்டியிருந்தார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் அலை அடித்தது. இந்தப் பக்கம் தண்ணீர் தொட்டியில் நிற்கிற மாதிரி நின்றது. பேத்தி இறங்கியதுமே, "அம்மாயி, நம்ம பீலித் தொட்டி!" என்று கத்தினாள்.

பீலியில் அவளைக் குளிக்கவைக்க மகள் ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். தொட்டிக்குள் முகத்தை முக்கிக்கொள்வாள். பிள்ளை "அம்மா எங்க, அம்மா எங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். மகள் சடாரென்று தலையைத் தூக்கி, "கூ!" என்பாள். மலையில் ஒரு தேயிலை நிரையிலிருந்து இன்னொரு நிரைக்கு நாங்கள் கூப்பிடுகிற அதே கூ. தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் அழுகிற பிள்ளை அந்த விளையாட்டுக்காகச் சிரித்துக்கொண்டே குளித்துவிடுவாள்.

அன்றைக்கு மகள் ஆள் முழுசாக முங்கினாள். ஒரு கல் ஓரத்தில் முங்கி இன்னொரு கல் ஓரத்தில் எழுந்து கூ என்றாள். பிள்ளை என் மடியில் குதித்தாள், கை தட்டினாள், "இன்னும், இன்னும்" என்றாள். மகள் நிறுத்தவே இல்லை. கண் சிவந்துபோயிற்று. உப்புத்தண்ணீர் என்று சொன்னாள். வெயில் ஏறியது. பிள்ளையின் "இன்னும்" மெதுவாயிற்று. மகள் மறுபடி முங்கினாள். அவள் எழுந்து கூ என்றபோது பிள்ளை என் தோளில் தூங்கிப்போயிருந்தாள். மகள் அந்தத் தண்ணீரிலேயே நின்றாள். வா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாத்தனார்தான், "நேரமாகுதும்மா, எந்திரி" என்றாள்.

கடலோரத்தில் ஒரு வீட்டுக் கிணற்றில் உப்புப் போக ஊற்றிக்கொண்டு, மகள் வேனுக்குள்ளேயே உடுப்பு மாற்றினாள். ஏர்போர்ட் வாசலில் ரொம்ப நேரம் வேனை நிறுத்தவிடமாட்டார்கள். மகள் முத்தம் கொடுக்கவில்லை, எழுந்துவிடுவாள் என்று. பிள்ளையின் உள்ளங்காலில் ஒட்டியிருந்த மணலை மட்டும் கையால் துடைத்துவிட்டாள். நான் முந்தானையை எடுத்தேன்.

"அழாதம்மா. சத்தம் கேட்டா எந்திரிச்சிருவா."

அழவில்லை. கதவைச் சாத்தினால் சத்தம் வரும் என்று பாதி திறந்தபடியே தம்பி வேனை நகர்த்தினான். கொஞ்ச தூரம் போய்த்தான் சாத்தினோம்.

அவிசாவளை தாண்டிப் பிள்ளை எழுந்தாள். பக்கத்தில் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். சீட்டுக்கு அடியில் வாளியில் தாயின் ஈரத்துணி கிடந்தது. அதை எடுத்து முகர்ந்தாள்.

"அம்மா எங்க?"

இத்தனை நாளும் யோசித்தோமே, அவள் எழுந்ததும் என்ன சொல்வது என்பதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. நாத்தனார் அவசரத்தில், "அம்மா குளிக்குதுடி" என்றாள்.

"இன்னும் முங்கியா இருக்கு?"

"ஆமா, ஆமா."

பிள்ளை சிரித்தாள். அழவில்லை. கடைசியில் நல்லபடியாகவே முடிந்தது என்று நாத்தனார் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். என் வாயில் அதுகூட வரவில்லையே.

நாலைந்து நாளில் உண்மையைச் சொன்னேன். அம்மா பிளேனில் போயிருக்கிறது, வேலை செய்கிறது, வரும்போது பொம்மை கொண்டுவரும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு, "அது இல்ல அம்மாயி. அம்மா முங்கியிருக்கு. கூ சொல்லல இன்னும்," என்றாள். எனக்குத் தெரியாததை எனக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமைகளில் மகள் போனில் முகம் தெரிகிற மாதிரி, படத்தோடு பேசுவாள். அந்த வீட்டு அடுப்படியில், முக்காடு போட்டு நிற்பாள். பிள்ளை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "அது போன்ல உள்ள அம்மா," என்பாள். மகளுக்குக் கேட்கக் கூடாதென்று நான் பேச்சை மாற்றுவேன். அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

மஸ்கெலியாவுக்கு பஸ்ஸில் போனால் டேம் தெரிகிற வளைவில் தலையை வெளியே நீட்டி, "கூ!" என்பாள். பஸ்ஸில் எல்லாரும் சிரிப்பார்கள். விளையாட்டுப் பிள்ளை என்று ஒருத்தி கன்னத்தைத் தட்டுவாள். திரும்பி வரும்போதும் அதே வளைவில், அதே கூ. பதில் வராததற்கு அவள் அழுததே இல்லை. அழுதிருந்தால் தூக்கிச் சமாதானம் செய்யலாம். எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளையை என்ன சொல்லிச் சமாதானம் செய்வது?

பிறகு ஒரு நாள் பிள்ளைக்காம்பராவிலிருந்து ஆள் விட்டார்கள். மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது; விளையாட்டுத் துணைக்கு இவளையும் பகலில் அங்கே விட்டிருந்தேன். அங்கே கை கழுவுகிற பேசினில் முகத்தை முக்கிக்கொண்டு நின்றாளாம். இழுத்து எடுத்தபோது உதடு நீலம் பூத்திருந்ததாம்.

"ஏண்டி அப்படிச் செஞ்ச?"

"அம்மா எப்படி மூச்சுப் புடிச்சிருக்குன்னு பார்த்தேன்."

அதிலிருந்து வீட்டில் வாளியில் தண்ணீர் வைப்பதில்லை. குடிக்கிற குடத்தைக்கூட உயரத்தில் வைத்தேன். தண்ணீரில் கிடந்து வளர்ந்த நான், அவள் பீலிப் பக்கம் போனால் பதறி ஓடுகிறேன். மகளிடம் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. சொன்னேன்.

"வந்துரவாம்மா?" என்றாள். அடுத்து அவளே, "பாஸ்போர்ட் இவங்க கையிலம்மா. ரெண்டு வருஷம் முடியாம குடுக்கமாட்டாங்க," என்றாள். அந்த ரெண்டு வருஷமும் முடிந்தபிறகு கொடுப்பார்களா என்று நான் கேட்கவில்லை. லயத்திலிருந்து போன மூன்று பேரில் ஒருத்தி இன்னும் வரவில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. படிக்காதவளின் யோசனைதான். "நீ வேற ஒன்னும் பேசாத. படமும் வேணாம். கூ மட்டும் சொல்லு," என்றேன். அவள் குரல் கேட்டால், முங்கியது முடிந்துவிட்டது, அம்மா எழுந்துவிட்டது என்று பிள்ளை நம்பிவிடும். அதற்குப் பிறகு போனிலேயே பேசிப் பழகிவிடும். இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

போனைப் பிள்ளையின் காதில் வைத்தேன். அந்தப் பக்கத்தில் மகள் மூச்சை இழுப்பது எனக்கே கேட்டது. "கூ!"

அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கடலில்தான் பார்த்திருந்தேன். "அம்மா வந்துருச்சு!" என்று போனைத் தட்டிவிட்டு, வெறுங்காலோடு வெளியே ஓடினாள். நான் போனைப் பொறுக்கிக்கொண்டு இடுப்பைப் பிடித்தபடி பின்னால் ஓடினேன். பீலித் தொட்டியில் வயிற்றை வைத்துக் குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா? என்ன செய்றா? சிரிக்கிறாளா?" என்று என் கைக்குள்ளிருந்து மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"சிரிக்கிறா," என்றேன். அந்த நேரத்தில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பிள்ளை தலையைத் தூக்கினாள். முன்மயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. எட்டி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"இந்தத் தண்ணி இல்ல அம்மாயி. வாங்க, மத்தத் தண்ணிக்கெல்லாம் போய்ப் பார்ப்போம்."