பொடுதலை எண்ணெயும் ஒரு கல்யாண கவுனும்

எங்கள் தையற்கடை முதலாளி டோனாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் என் தலையைக் கண்டால் பசியெடுத்துவிடும். மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். "உமா, காலையில் பான்கேக் சாப்பிட்டாயா?" இல்லை, தோசை என்பேன். நம்பமாட்டார். மேப்பிள் மரத்துப் பாகைப் பான்கேக்கின் மேல் ஊற்றிச் சாப்பிடுவதென்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு உயிர். வெந்தயத்தை ஊறவைத்துத் தயிரோடு அரைத்துத் தலையில் அப்பிக் குளித்தால், காய்ந்த முடியிலிருந்து அச்சு அசல் அந்தப் பாகின் வாசனை வரும் என்பது கனடாவுக்கு வந்து வின்னிபெக்கில் குடியேறிய பிறகுதான் எனக்கே தெரியும். காஞ்சிபுரத்தில் அதற்குப் பெயர் வெந்தய நாற்றம். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், இது என் தலைக்கு மருந்து என்று சொல்லி, கையோடு கொண்டுபோயிருந்த வெந்தயத்தைக் காட்டினேன். தலைவலிக்குச் சாப்பிடுகிற மருந்து என்று புரிந்துகொண்டு ஒரு பிடி வாங்கிப்போனார். மறுநாள் முகத்தைச் சுளித்தபடி வந்து, "உங்கள் ஊர்ப் பாகு இவ்வளவு கசக்குமா?" என்றார்.

என் வியாதி தலைவலி இல்லை, பொடுகு. இங்கே ஆறு மாதம் குளிர். வெளியே காற்று முகத்தை அறையும், உள்ளே ஹீட்டர் வறுத்தெடுக்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது என் மண்டை. பஸ்ஸில் உட்கார்ந்து பேனா மூடியால் சொறிந்துகொள்வேன். கடையில் எல்லாரும் கறுப்பு மேலங்கி போடவேண்டும். தோளில் மாவு உதிர்ந்தமாதிரி வெள்ளை வெள்ளையாகக் கொட்டும். பக்கத்தில் நிற்கிறவர்கள் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார்கள் பாருங்கள், அதைவிட நேரே கேட்டுவிடலாம். ஊரில் இருந்த இருபத்தாறு வருஷத்தில் எனக்குப் பொடுகு என்று ஒன்று வந்ததே கிடையாது. கனடாவின் தண்ணீரைத் திட்டினேன், ஹீட்டரைத் திட்டினேன், ஷாம்பூவைத் திட்டினேன். என்னைத் திட்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். முன்கட்டில் இரண்டு தறி. பட்டு நெய்கிற வீட்டில் எண்ணெய்த் தலைக்கு இடமே கிடையாது. தறியில் நீட்டிக் கட்டிய பாவு நூலில் ஒரு சொட்டு பட்டால் போச்சு, புடவை பாழ். அதனால் தறி நிற்கிற அமாவாசையன்றுதான் எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல். அன்றும் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் தறியைத் தாண்டி நடக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் சீயக்காயோ சோறு வடித்த கஞ்சியோ போட்டு அலசிய வறண்ட தலை. பள்ளிக்கூடத்தில் மற்ற பெண்களெல்லாம் எண்ணெய் வழிய வழிய ரெட்டைப் பின்னல் போட்டு மினுமினு என்று வருவார்கள். என்னை 'பரட்டை' என்று கூப்பிடுவார்கள். அழுதுகொண்டு வந்து அப்பாவிடம் சொன்னால், "பரட்டையா இருந்தா இன்னாம்மா, பட்டு நல்லாக்கீதில்ல?" என்று சிரிப்பார். எனக்கு அந்தத் தறியின்மேல் அவ்வளவு ஆத்திரம் வரும்.

பொடுகு என்று அழுததும் அண்ணி, அதாவது என் அண்ணன் மனைவி கோமதி, ஐயம்பேட்டைப் பக்கம் வாய்க்கால் ஓரத்தில் படர்ந்திருந்த பொடுதலைக் கீரையைப் பறித்து, சாறு பிழிந்து, நல்லெண்ணெயில் காய்ச்சி, கனடாவுக்கு வந்த ஒரு தெரிந்தவர் கையில் இரண்டு பாட்டில் கொடுத்தனுப்பினார். "நல்லா தேச்சி, ஊறவெச்சி, அலசுமா. பொடுகு போன எடம் தெரியாது" என்று போனில் சொன்னார். எப்போது, எத்தனை நாளைக்கொரு தரம் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தறி இல்லாத வீடு, தடுக்க அப்பா பக்கத்தில் இல்லை. பாட்டிலைத் திறந்தேன், தினமும் காலையில் தேய்த்தேன். தேய்த்ததை அரைகுறையாக அலசிவிட்டு, வழவழவென்று பின்னிக்கொண்டு கண்ணாடியில் பார்த்துக்கொண்டபோது, பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக ஞாபகம் வந்தார்கள். வாங்கடி, இப்போ வந்து பாருங்கடி என்றிருந்தது.

பொடுகோ, தின்று கொழுத்தது. அண்ணியிடம் சொன்னால் எலுமிச்சை என்பார், வெந்தயம் என்பார், சின்ன வெங்காயம் என்பார். அத்தனையையும் அந்த எண்ணெயின் மேலேயே செய்துகொண்டிருந்தேன்.

போன வசந்தத்தில் ஒரு வியாழக்கிழமை அது நடந்தது. ஒரு பெண்ணுக்குச் சனிக்கிழமை கல்யாணம். அவளுடைய அம்மா தன் கல்யாணத்தில் போட்ட பட்டு கவுனைப் பிரித்து, மகளின் அளவுக்குத் தைத்துக்கொண்டிருந்தோம். பட்டு என்றால் டோனா என்னிடம்தான் கொடுப்பார். பட்டு ஊரிலிருந்து வந்தவள் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். கவுனை மடியில் விரித்து ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன். மண்டை அரித்தது. குனிந்து சொறிந்தேன். பின்னல் முன்னால் வந்து விழுந்தது. தூக்கிப் பின்னால் போட்டுவிட்டுப் பார்த்தால், சந்தன நிறப் பட்டில் மூன்று விரல் அகலத்துக்கு எண்ணெய்க் கறை.

வேலை போய்விடுமே என்ற பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். தறிக்காரன் மகள், பட்டில் எண்ணெய் சிந்திவிட்டாள்! மடித்து உள்ளே வைத்துவிட்டால் சனிக்கிழமைவரை யாருக்கும் தெரியாது என்றும் ஒரு கணம் தோன்றியது. சே என்றாகிவிட்டது. எடுத்துக்கொண்டு போய் டோனாவிடம் காட்டினேன். கவுனை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வெளியே சலவைக்குக் கொடுத்தால் ஐந்து நாள். "கடை மூடும்வரை பார்க்கிறேன். போகாவிட்டால் அவர்களுக்கு நான்தான் போன் பண்ண வேண்டும். அதற்கப்புறம் நீ..." என்று நிறுத்திக்கொண்டார்.

அப்போது எனக்கு அண்ணி கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் ஞாபகம் வந்தது. அண்ணிக்குச் சொந்த ஊர் மாகறல், விவசாயக் குடும்பம். எண்ணெய்த் தலையோடு தறியில் எட்டிப் பார்த்து, பாதி நெய்த முந்தானையைக் கறையாக்கிவிட்டார். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவி, கொஞ்ச நேரம் விட்டு, மெல்லத் தட்டி, மறுபடி தூவி, மறுபடி தட்டி எடுத்துவிட்டார். வாயைத் திறந்தவள் நான்தான். அப்போது எனக்குப் பதினேழு வயது. "பட்டைத் தொடத் தெரியாத வீட்டுலேர்ந்து பொண்ணு எடுத்தா இப்படித்தான்" என்றேன். அண்ணி காதில் விழும்படியாகவே சொன்னேன்.

மருந்துக்கடைக்கு ஓடினேன். வாசனையில்லாத பவுடர் டப்பா ஒன்று வாங்கிவந்தேன். தூவினேன், டிஷ்யூ தாள் வைத்து ஒற்றினேன், தட்டினேன். முதல் தடவை அசையவில்லை. மூன்றாவது தடவை கறை சுருங்கியது. மத்தியானம் சாப்பிடவே இல்லை. டோனா என் பக்கத்தில் காபியை வைத்துவிட்டுப் போனார். ஆறாவது தடவை தட்டிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. டோனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். தேடித் தேடிப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். உடனே விலகி, "உன் தலையைத் தூர வை" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அண்ணியை வீடியோவில் கூப்பிட்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். அங்கே காலை, அண்ணி தறியில் உட்கார்ந்திருந்தார். வந்த இரண்டே வருஷத்தில் நெசவு கற்றுக்கொண்டு, இன்றைக்கு அப்பாவின் தறியில் நெய்கிறவர் அவர்தான்.

"தெனமுமா எண்ணெ வெச்சிக்கினு இருந்த? அடிப்பாவி! எண்ணெயத் தின்னுதான் பொடுகு வளந்துக்கினு கீது. அமாவாசைக்கு அமாவாசைதான் நம்ம வூட்ல. அதையுமா வாயத் தொறந்து சொல்லணும்?"

"தறிதான் இல்லையே அண்ணி."

"தறி இல்லன்னா? மண்ட இருக்குதுல்ல?"

பரட்டை, பரட்டை என்று எந்தத் தறியைத் திட்டினேனோ, இருபத்தாறு வருஷம் என் தலையைக் காப்பாற்றியது அதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். "அண்ணி, அன்னைக்கு நான் உங்களை அப்படிப் பேசியிருக்கக்கூடாது. மன்னிச்சிடுங்க."

அண்ணி ஜரிகை இழையைச் சரிசெய்தபடியே, "பட்டைத் தொடத் தெரியாத வீட்டுப் பொண்ணா நீ?" என்று கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இப்போது மாதத்துக்கு ஒரே நாள்தான் எண்ணெய். வாரத்துக்கு ஒரு நாள் வெந்தயமும் தயிரும். மருந்துக்கடைக்காரப் பெண் கொடுத்த ஷாம்பூவும் உண்டு, அதை மறைப்பானேன். தோள் சுத்தமாகிவிட்டது. பான்கேக் வாசனை ஒரு நாளாகக் குறைந்ததில் டோனாவுக்குத்தான் வருத்தம்.

காஞ்சிபுரத்தில் அமாவாசை விடிகிறபோது எனக்கு முந்தின நாள் சாயங்காலம். கோடையில் அப்போதும் இங்கே வெயில் அடிக்கும். போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அண்ணி அங்கே தேய்க்க, நான் இங்கே தேய்ப்பேன். அண்ணிக்குப் பின்னால் தறி துணி போர்த்திக் கிடக்கும். தேய்த்து முடித்ததும் இரண்டு பேரும் எழுந்து தலையில் துண்டைக் கட்டுவோம். அண்ணி துண்டை இறுக்கிப் பிடித்து, தோளை ஒடுக்கி, தறியைச் சுற்றி நடந்து குளிக்கப் போவார். என் வீட்டுக் கூடத்தில் ஒரு சோபாவும் ஒரு செருப்பு அலமாரியும்தான் இருக்கின்றன. ஆனாலும் நானும் துண்டை இறுக்கிப் பிடித்து, தோளை ஒடுக்கி, கூடத்தின் நடுவை விட்டுச் சுவரோரமாகவே நடந்து குளிக்கப் போகிறேன்.